மாதிரி மேடை – கேள்வி பதில்: அடுப்பு, சூளை, சொக்கப்பனை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சிற்றளவு மாதிரிகளில் தீயைக் காட்டுவதைப் பற்றியவை. மலையோரத்திலிருந்தும் ஆந்திர எல்லையிலிருந்தும்தான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் பதில் சொல்லியிருக்கிறோம்.

கே: செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையை 1:87 அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) செய்துவருகிறேன். பதின்மூன்று கண் பாலமும் குகை வாயும் முடிந்துவிட்டன. நீராவி எஞ்சின் கேபினில் நெருப்பு வெளிச்சம் தெரிய, கார்த்திகைக்கு விற்கும் பேட்டரி அகலிலிருந்து மினுக்கு எல்.இ.டி.யைக் கழற்றிப் பொருத்தினேன். பார்க்கிறவர்கள் ‘கல்யாண வீட்டு சீரியல் செட்’ என்கிறார்கள். பல்ப் பழுதா?
– வாசகர், செங்கோட்டை

ப: பல்ப் நன்றாகத்தான் இருக்கிறது. அகல் சுடருக்காகச் செய்த பல்ப் அகல் சுடரைப் போலவே ஆடுகிறது. நீங்கள் அதைக் கொண்டுபோய் எஞ்சின் அடுப்பில் வைத்துவிட்டீர்கள்.

திறந்தவெளியில் எரியும் தீ தொடர்ந்து ஆடுவதில்லை. உப்பி, அறுந்து, மறுபடி உப்புகிறது. அடிப்பாகம் அகலமாக ஆக இந்த மூச்சு மெதுவாகும். கணக்கு எளிது. தீயின் அடி அகலத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 1.5-ஐ வகுத்தால், நொடிக்கு எத்தனை மூச்சு என்று ஏறக்குறைய வந்துவிடும். 2 செ.மீ. சுடருக்குப் பத்துக்கு மேல். 10 செ.மீ. அகலமுள்ள கற்பூரத் தட்டுக்கு 5-க்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் அகலத்தில் எரியும் சொக்கப்பனைக்கு ஒன்றரை. நாலு மீட்டர் அகலத்தில் வைக்கோல் போர் எரிந்தால் நொடிக்கு ஒரு மூச்சுகூட வராது. இந்தக் கணக்கில் அசல் தீயின் அகலத்தைத்தான் போடவேண்டும். மாதிரியின் அகலத்தைப் போட்டால் சீரியல் செட்தான் கிடைக்கும். இந்த மாதம் வந்த பெரும்பாலான கேள்விகளுக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

எஞ்சின் அடுப்பு இன்னும் அடக்கமானது. நன்றாகக் கனன்ற நிலக்கரிப் படுகை மினுக்குவதே இல்லை. நிலையாக ஒளிரும், அதன் மேல் தழல் லேசாக அலையும். ஏற்றத்தில் மெதுவாக இழுக்கும்போது புகைபோக்கியில் போகும் ஒவ்வொரு வீச்சுக்கும் காற்று உள்ளே இழுக்கப்பட்டு வெளிச்சம் சற்று ஏறி இறங்கும். இரண்டு சிலிண்டர் எஞ்சினில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற நான்கு வீச்சு. நிறத்தையும் கவனியுங்கள். கடுமையாக வேலை செய்யும் அடுப்பு வெளிர் மஞ்சளை ஒட்டிய ஆரஞ்சு. சிவப்பு எல்.இ.டி. மட்டும் வைத்தால் ஷெட்டில் அணையப்போகும் எஞ்சின்.

ஆகவே அடுப்புக்குள் இரண்டு 0603 அளவு எல்.இ.டி. போதும்; ஒவ்வொன்றும் 1.6 x 0.8 மி.மீ.தான். ஒன்று ஆரஞ்சு, நிலையாக எரியட்டும். மற்றொன்று மஞ்சள், மெதுவாக ஏறி இறங்கட்டும். மொத்த வெளிச்சத்தில் முக்கால் பங்கு நிலையானதிலிருந்து வரவேண்டும். டி.சி.சி. டீகோடர் (தண்டவாளம் வழியே கட்டளை வாங்கி எஞ்சினை இயக்கும் சில்லு) வைத்திருந்தால் அதிலேயே பெரும்பாலும் ‘ஃபயர்பாக்ஸ்’ என்று ஒரு விளைவு இருக்கும். நீல ஒயர் பொது பிளஸ். பச்சை ஒயர் கூடுதல் விளைவுக்கான மைனஸ் பக்கம். ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். சாதாரண டி.சி. தண்டவாளம் என்றால் வண்டி நின்றதும் அடுப்பும் அணைந்துவிடும். டெண்டருக்குள் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் கரிப் பெட்டி) ஒரு சிறு பட்டன் செல்லும் சுவிட்சும் வைப்பதே தலைவலி இல்லாத வழி.

இன்னொன்று: அடுப்புக் கதவு எந்நேரமும் திறந்திருக்காது. கரி போடும்போது சில நொடிகள் திறக்கும், கேபின் கூரையும் டெண்டரின் முன்சுவரும் ஒளிரும், மூடிவிடும். மூடியிருக்கும்போது அடியிலுள்ள சாம்பல் பெட்டியிலிருந்து ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் விழும் மங்கிய செம்மைதான் தெரியும். எஞ்சினின் அடியில் இன்னும் சிறிய 0402 அளவு ஆரஞ்சு எல்.இ.டி. ஒன்றைக் கீழ்நோக்கி ஒட்டி, 2 மில்லியாம்பியருக்கு மேல் போகாமல் வையுங்கள். குகைக்குள் நுழையும்போது இதன் பலன் தெரியும்.

கே: மறையூர் சர்க்கரை (வெல்லம்) ஆலையை எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 1:24 அளவில் மாணவர்கள் செய்கிறார்கள். ஓலைக் கொட்டகை, கரும்பு பிழியும் எந்திரம், கொப்பரை எல்லாம் ஆயிற்று. சக்கை எரியும் அடுப்பு மட்டும் பாக்கி. கம்ப்யூட்டர் புரோகிராம் எல்லாம் வேண்டாம், பிள்ளைகளே சால்டர் செய்கிற மாதிரி ஒரு வழி சொல்லுங்கள்.
– ஆசிரியை, மறையூர்

ப: 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சர்க்கரை, அடுப்பு சரியாக அமையவேண்டியது நியாயம்தான். அளவிலிருந்து தொடங்குங்கள். அசல் கொப்பரை 2 மீட்டர் விட்டம் என்றால் உங்களுடையது 8.3 செ.மீ. அடுப்பு வாய் 60 செ.மீ. என்றால் 2.5 செ.மீ. மேலே சொன்ன கணக்குப்படி அந்த வாயில் எரியும் தீ நொடிக்கு இரண்டு மூச்சு விடும்.

தேவையானவை: 5 மி.மீ. ஆரஞ்சு எல்.இ.டி. இரண்டு, சிவப்பு இரண்டு, மினுக்கு எல்.இ.டி. மூன்று, 470 ஓம் ரெசிஸ்டர் இரண்டு, 680 ஓம் மூன்று, எல்லாமே கால் வாட், 9 வோல்ட் அடாப்டர் ஒன்று, சிறு துண்டு பொத்தல் போர்டு.

ஆரஞ்சு இரண்டையும் வரிசையாக இணைத்து, அதோடு ஒரு 470 ஓம். ஆரஞ்சு ஒன்றுக்கு 2.1 வோல்ட், இரண்டுக்கும் 4.2, மீதி 4.8 வோல்ட்டை 470-ஆல் வகுத்தால் 10 மில்லியாம்பியர். சிவப்பு இரண்டுக்கும் இதே அமைப்பு. மினுக்கு எல்.இ.டி. மூன்றுக்கும் தனித்தனியாக 680 ஓம். இவை மஞ்சளாக இருந்தாலும் உள்ளே சில்லு இருப்பதால் 3 வோல்ட் என்றே கணக்கு வையுங்கள். நீளக் கால் பிளஸ். சாதாரண எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டால் எரியாது, அவ்வளவுதான், மினுக்கு எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டால் சில்லு போய்விடலாம். பிள்ளைகளிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். மூன்றுக்கும் ஒரே ரெசிஸ்டர் போட்டு மிச்சம் பிடிக்கப் பார்க்கவும் வேண்டாம். ஒன்று கரன்ட்டை இழுக்க மற்றது மங்கும்.

புரோகிராம் இல்லாமல் எப்படி மெதுவாக்குவது என்று கேட்பீர்கள். உண்மையில் மெதுவாக்கவில்லை, கரைக்கிறோம். மூன்று மினுக்கும் தனித்தனி தாளத்தில் ஓடும். மூன்றின் கூட்டு வெளிச்சம் ஒன்றினுடையதைவிட நிதானமாக ஏறி இறங்கும். அதன் அடியில் நான்கு நிலையான விளக்குகள். போதாததற்கு எல்லா வெளிச்சமும் ஒரு திரையின் வழியே வெளியே வருகிறது. கண் மூன்று பல்பைப் பார்க்காது, ஒரே தீயைப் பார்க்கும்.

அந்தத் திரைதான் அடுப்பின் உயிர். அடுப்புக் குழிக்குள் அலுமினியத் தாளைக் கசக்கி விரித்து ஒட்டுங்கள், பளபளப்பான பக்கம் வெளியே தெரியட்டும். சிவப்பு இரண்டும் தரையில் மேல்நோக்கி. ஆரஞ்சு இரண்டும் பின்சுவரில். மினுக்கு மூன்றையும் வெவ்வேறு உயரத்தில், ஒன்றையும் வாய்க்கு நேரே வைக்காமல், சுவரைப் பார்த்துத் திருப்பி வையுங்கள். பல்பின் தலை ஒரு புள்ளியாக வெளியே தெரிந்தால் அதோடு மாயம் போயிற்று. சிவப்பின் மேல் கங்குப் படுகை: குளூ கன் பசையை 3 மி.மீ. கனத்தில் பரப்பி, ஆறும் முன் நிஜ அடுப்புக்கரியைக் கடுகளவும் மிளகளவுமாக உடைத்து மேலே அழுத்துங்கள். கரித்துண்டுகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி இருக்கவேண்டும். சிவப்பு அந்த இடுக்குகளில் மட்டும் கசியும். கடைசியாகச் சலித்த சாம்பலை விரல்நுனியால் ஓரங்களில் மட்டும் தூவுங்கள், நடுவில் வேண்டாம். சூடான கங்கின் மேல் சாம்பல் பூத்திருந்தால் அது ஆறிய கங்கு.

கரும்புச் சக்கைக்குத் தேங்காய் நாரை 1 செ.மீ. நீளத்துக்கு வெட்டி, சற்று வெளுத்த நிறத்தில் வாயிலிருந்து வெளியே வரை பரப்புங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளைக் கறுப்பு மையால் தொட்டுவிடுங்கள். வாய்க்கு மேலே சுவரில் கரிப் புகை, கொட்டகைத் தூணில் ஒரு பக்கம் மட்டும் பழுப்பு. அணைத்து வைத்திருக்கும்போதும் அது அடுப்பாகத் தெரியவேண்டும் அல்லவா.

இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று, சுவர் வழியே வெளிச்சம் கசிவது. சன் போர்டும் அட்டையும் நாம் நினைப்பதைவிட ஒளியை விடும். இருட்டில் அடுப்பு முழுவதும் பூசணிக்காய் விளக்கு மாதிரி ஒளிரும். உட்புறம் முழுக்கக் கறுப்பு பெயின்ட் இரண்டு கோட் அடித்துவிட்டு, அதன் மேல் அலுமினியத் தாளை ஒட்டுங்கள். இரண்டு, தெர்மாகோல். அடுப்பை அதில் செய்திருந்தால் ஸ்ப்ரே பெயின்ட் அடித்த நிமிடமே கரைந்து குழியாகும். ஃபெவிகால் பூசி உலர்த்திய பிறகு தண்ணீரில் கரையும் பெயின்ட்டைத் தூரிகையால் தடவுங்கள்.

கே: கண்காட்சியில் மேஜை அடியில் பவர் பேங்க் வைத்தோம். அரை நிமிடத்தில் தீ அணைந்துபோகிறது. பட்டனை அழுத்தினால் திரும்ப வருகிறது, மறுபடி அணைகிறது.
– வாசகர், கூடலூர், தேனி மாவட்டம்

ப: உங்கள் எல்.இ.டி.கள் இழுக்கும் கரன்ட் மிகக் குறைவு. செல்போன் சார்ஜாகி முடிந்தது என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கப்போகிறது. 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்ட்டுக்குக் குறுக்கே போட்டால் 100 மில்லியாம்பியருக்கு மேல் இழுக்கும். பல பவர் பேங்குகள் விழித்தே இருக்கும். அது சுடும் என்பதால் பஞ்சிலும் தெர்மாகோலிலும் படாமல் வையுங்கள். மேஜைக்குப் பக்கத்தில் பிளக் இருந்தால் பழைய செல்போன் சார்ஜரே மேல்.

கே: நகரியில் எங்கள் தெருவின் போகியை 1:35 டயோரமாவாக (காட்சி மாதிரியாக) செய்கிறேன். பஞ்சில் சிவப்பும் மஞ்சளும் போஸ்டர் கலர் பூசித் தீ செய்தேன். கீழே விளக்கு வைத்தும் உள்ளே ஒளிர மாட்டேன் என்கிறது. கலர் பூசிய பஞ்சு மிட்டாய் போல நிற்கிறது.
– வாசகர், நகரி, ஆந்திரம்

ப: போஸ்டர் கலர் ஒளியை மறைக்கும். தீக்குப் பூசுவது எதுவானாலும் அதன் வழியே எதிர்ப்பக்கம் தெரியவேண்டும். கண்ணாடியில் வரையும் கிளாஸ் பெயின்ட்டோ, ஸ்பிரிட் அடிப்படையிலான மார்க்கர் மையோ வாங்குங்கள். மருந்துக்கடைப் பஞ்சை விட்டுவிட்டுத் தலையணையில் அடைக்கும் பாலியெஸ்டர் பஞ்சுக்கு மாறுங்கள். அதன் இழை நீளம், பளபளப்பும் உண்டு, ஒளியை மேலே ஏற்றிக்கொண்டு போகும்.

ஆனால் தீநாக்குக்குப் பஞ்சைவிடக் குளூ கன் பசைதான் எங்களுக்குப் பிடித்தது. ஒரு கண்ணாடித் துண்டில் தேங்காயெண்ணெயை மெலிதாகத் தடவுங்கள். அதன் மேல் பசையை ஒரு பொட்டாக வைத்து, இருபது முப்பது வினாடி விட்டு, பாகு பதம் வரும்போது பல்குச்சியால் தொட்டு மேலே இழுங்கள். நுனி மெலிந்து ஒரு பக்கம் சாயும். அப்படியே பிடித்திருந்தால் உறைந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் நூல் நூலாகப் போகும், தாமதித்தால் மொட்டையாக நிற்கும். உயரமும் சாய்வும் வேறுபட்டுப் பதினைந்து இருபது நாக்குகள் செய்துகொள்ளுங்கள். எண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் நிறம். இல்லையென்றால் மை ஒட்டாது. பிறகு கொத்தாக ஒட்டுங்கள். உயரமானவை நடுவில், எல்லாம் ஒரே காற்றுக்குச் சாய்ந்தபடி. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே சாய்ந்தால் தீயாகத் தெரியாது.

நிறத்தை நிறையப் பேர் தலைகீழாகப் போடுகிறார்கள்: அடியில் சிவப்பு, நுனியில் மஞ்சள். விறகுத் தீயில் அடிவயிறுதான் வெளிர் மஞ்சள், நுனிக்குப் போகப்போக ஆரஞ்சு, கடைசியில் செம்பழுப்பாகிப் புகையில் கலக்கும். சிவப்பு, தீநாக்குக்கும் கீழே உள்ள கங்கில் இருக்கிறது. ஆக, நாக்கின் அடி மூன்றில் ஒரு பங்கில் நிறமே பூசாதீர்கள். கீழேயிருக்கும் மஞ்சள் எல்.இ.டி. பார்த்துக்கொள்ளும். நடுவில் ஆரஞ்சு ஒரு தடவல், நுனியில் ஆரஞ்சோடு துளி பழுப்பு.

ஒட்டுவதற்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை வேண்டாம். அதன் ஆவி சுற்றியுள்ள தெளிவான பிளாஸ்டிக்கின் மேல் வெள்ளையாகப் படியும், துடைத்தாலும் முழுதாகப் போகாது. ஃபெவிகாலோ, இரண்டு குழாய் அரால்டைட்டோ போதும்.

எரியும் பொருட்களைப் பற்றி: உங்கள் பக்கம் போகிக்குச் சின்ன வராட்டிகளை மாலையாகக் கோத்துப் போடுவார்களே, அதை விட்டுவிடாதீர்கள். 15 செ.மீ. வராட்டி 1:35-இல் 4.3 மி.மீ. காபித் தூளை ஃபெவிகாலில் பிசைந்து தட்டி, ஈரத்தில் ஊசியால் நடுவில் குத்தினால் வராட்டியாகிவிடும். பழைய பாய்க்குக் கோணித் துணியின் இழையைப் பின்னிக்கொள்ளலாம். டயரைப் போடுவதாக இருந்தால் புகை கறுப்பாக, கெட்டியாக இருக்கவேண்டும். விறகும் வராட்டியும் மட்டும் என்றால் வெளுத்த நீலச் சாம்பல் நிறம். ஒரே குவியலிலிருந்து இரண்டு நிறப் புகையும் கிளம்பினால் நம்பும்படி இருக்கும்.

கே: கோயில் கோபுர மாதிரியில் நூறு அகல் விளக்கு. அத்தனைக்கும் மினுக்கு எல்.இ.டி. வாங்க வேண்டுமா?
– வாசகர், திருத்தணி

ப: ஒன்றுகூட வேண்டாம். காற்று இல்லாத இடத்தில் அகல் சுடர் ஆடாது. 0.5 மி.மீ. ஆப்டிகல் ஃபைபரை ஒவ்வொரு அகலுக்கும் இழுத்து, மறுமுனைகளைக் கட்டாகக் கட்டி ஒரே வார்ம் ஒயிட் எல்.இ.டி.யின் முன் வையுங்கள். நுனியை ஊதுபத்தியின் கங்குக்கு அருகே, தொடாமல், ஒரு கணம் காட்டினால் உருண்டு சிறு மணியாகும். சுடர் எல்லாப் பக்கமும் தெரியும். வார்ம் ஒயிட்டும் சுடரைவிட வெளுப்புதான், எல்.இ.டி.யின் தலையில் ஆரஞ்சு மை ஒரு கோட் பூசுங்கள்.

கே: ஆர்டுயினோ நானோ (புரோகிராம் ஏற்றி ஓடவிடும் சிறு போர்டு) வைத்து, ரேண்டம் எண்ணை அப்படியே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அனலாக்ரைட் கட்டளையில் கொடுத்துப் பார்த்தேன். தீ மாதிரி இல்லை, லூஸ் கனெக்‌ஷன் மாதிரி இருக்கிறது. செங்கல் சூளை மாதிரிக்கு இது வேண்டும்.
– வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

ப: லூஸ் கனெக்‌ஷனும் ரேண்டமாகத்தான் மினுக்கும். அதனால்தான் அப்படித் தெரிகிறது. தீயின் வெளிச்சம் ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குத் தாவாது, நகரும். புரோகிராமில் அந்த நகர்வை எழுதவேண்டும்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என மூன்று சேனல் வையுங்கள். 9, 10, 11 ஆகிய பின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண்கள்: இப்போதைய அளவு, போய்ச் சேரவேண்டிய இலக்கு. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டும் இலக்கை நோக்கி நகர்த்துங்கள். 200 முதல் 700 மில்லிசெகண்டுக்குள் ஏதாவது ஒரு இடைவெளியில் புது இலக்கு. இந்த இடைவெளியையும் ரேண்டமாக எடுங்கள், மூன்றுக்கும் தனித்தனியாக. இலக்கின் எல்லைகள் சிவப்புக்கு 150 முதல் 220, ஆரஞ்சுக்கு 90 முதல் 230, மஞ்சளுக்கு 0 முதல் 200. மஞ்சள் மூன்றில் ஒரு தடவை 40-க்குக் கீழேயே இருந்துவிடட்டும். சிவப்பு ஏறக்குறைய நிலை, மஞ்சள் துள்ளல். கங்குக்கும் தழலுக்கும் உள்ள வித்தியாசம் இதிலேயே வந்துவிடும்.

அடுத்தது கண்ணின் கணக்கு. 0 முதல் 255 வரையுள்ள அளவில் 128 கொடுத்தால் பாதி வெளிச்சம் என்று கண் எடுத்துக்கொள்ளாது. கிட்டத்தட்ட முழு வெளிச்சம் போலத்தான் தெரியும். அதனால் மங்கல் பகுதி முழுதும் வீணாகிறது. எழுதும் முன் எண்ணை அதே எண்ணால் பெருக்கி 255-ஆல் வகுத்துவிடுங்கள். 128 என்பது 64 ஆகும். பெருக்கும்போது முழு எண் எல்லை தாண்டாமல் இருக்க நீள முழு எண் வகையில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வெளிச்சம் திடீர் திடீரென்று செத்துப்போகும், காரணம் தேடி ஒரு இரவு போகும்.

இன்னும் சில. புரோகிராமைக் காத்திருக்கச் சொல்லும் டிலே கட்டளையைப் பயன்படுத்தினால் மூன்று சேனலும் ஒன்றுக்கொன்று காத்திருந்து ஒரே தாளத்துக்கு வந்துவிடும். ஓடிய நேரத்தைச் சொல்லும் மில்லிஸ் கட்டளையை வைத்து எழுதுங்கள். தொடக்கத்தில் எதுவும் இணைக்காத ஓர் அனலாக் பின்னைப் படித்து ரேண்டமுக்கு விதையாகக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் சுவிட்ச் போடும்போதெல்லாம் அதே வரிசை திரும்ப வரும். ஒரு பின்னில் 20 மில்லியாம்பியருக்கு மேல் வேண்டாம். 5 வோல்ட்டில் சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் 330 ஓம் போட்டால் 9 மில்லியாம்பியர் வரும், போதும். சூளையின் எல்லா வாய்க்கும் ஒரே பின்னிலிருந்து எடுக்க நினைத்தால் நடுவே டிரான்சிஸ்டர் வேண்டும்.

பிறகு சிறியதாக வேண்டுமென்று ஏ.டி.டைனி85-க்கு மாறினால் ஒரு பொறி இருக்கிறது. அந்தச் சில்லு கடையிலிருந்து வரும்போது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். 8 மெகாஹெர்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்துப் புரோகிராமை ஏற்றிவிட்டு, அந்த அமைப்பைச் சில்லில் எழுதாமல் விட்டால் தீ எட்டு மடங்கு மெதுவாக எரியும். சூளைக்கு அது பொருத்தமாகக்கூட இருக்கலாம். ஏனென்றால் சூளை வாய்களில் உங்களுக்குத் துள்ளலே வேண்டாம். நாட்டுச் சூளை சில நாள் எரிந்த பிறகு, வாய்க்குள் விறகு கனன்று கிடக்கும். வெளிச்சம் ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நடக்கும். மஞ்சளின் மேல் எல்லையை 80-ஆகக் குறையுங்கள். யாரோ ஒருவர் விறகு தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு வாயில் மட்டும் இன்னொன்று சேர்க்கலாம்: சில நொடிக்கு ஒருமுறை எல்லா அளவும் பாதிக்குச் சற்று மேலே விழுந்து, அரை நொடி தங்கி, மஞ்சள் முழுதாக எகிறவேண்டும். புது விறகு விழுந்தால் தீ முதலில் அமுங்கும், பிறகுதான் பற்றும். இந்த அமுக்கத்தை மாதிரி செய்கிறவர்கள் யாரும் வைப்பதில்லை, வைத்துப் பாருங்கள்.

கே: களியக்காவிளைப் பக்கத்துக் கோயில் ஒன்றின் சொக்கப்பனையை 1:35-இல் செய்கிறேன். புகை நிஜமாக வரவேண்டும். சாம்பிராணியைக் கொளுத்தி உள்ளே வைக்கலாமா, அல்லது தண்ணீரில் பனி கிளப்பும் கருவி நல்லதா?
– வாசகர், களியக்காவிளை

ப: கொளுத்துவது எதுவும் வேண்டாம். ஓலையும் பஞ்சும் தெர்மாகோலும் பசையும் சேர்ந்த ஒரு பொருளுக்குள் கங்கு வைக்கிறீர்கள். ஓலையில் செய்த மாதிரி நிஜச் சொக்கப்பனையாகவே முடியும். பழைய குமிழ் பல்புகளையும் இதே காரணத்துக்காகத் தவிருங்கள். சின்னதாக இருந்தாலும் அவை சுடும்.

பனிக் கருவி நன்றாக வேலை செய்யும், பராமரிக்கிற பொறுமை இருந்தால். யு.எஸ்.பி.யில் ஓடும் சிறு ஈரப்பதக் கருவிகளில் இருக்கும் 20 மி.மீ. வட்டத் தகடும் திரியும் போதும். தகடு சொக்கப்பனையின் அடிப் பீடத்துக்குள் மேல்நோக்கி இருக்கட்டும், சுற்றிலும் மூன்று ஆரஞ்சு எல்.இ.டி. பனியின் மேல் விழும் வெளிச்சம்தான் தழலாகத் தெரியும். சில மின்சாரக் கணப்புகளில் காட்டும் பொய்த் தீயும் இதே உத்திதான். திரியைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்த பிறகே சுவிட்ச். உலர்ந்த தகட்டை ஓடவிட்டால் சீக்கிரம் கெட்டுப்போகும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் அதிலுள்ள உப்பு வெள்ளைத் தூளாக மாதிரி முழுவதும் படியும். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டரே நல்லது. பீடத்தை அட்டையில் செய்திருந்தால் ஒரே மாலையில் ஊறி உப்பும். சன் போர்டில் செய்து உள்ளே வார்னிஷ் பூசுங்கள். எல்.இ.டி.யின் கால்களில் சால்டர் செய்த இடங்களை ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவில் மூடுங்கள்.

சில மணிநேரக் கண்காட்சிக்கு இது சரி. அலமாரியில் நிரந்தரமாக நிற்கப்போகிற மாதிரி என்றால் பஞ்சுப் புகையே போதும். 4 மீட்டர் சொக்கப்பனை உங்கள் அளவில் 11.4 செ.மீ.; புகை அதற்கு மேல் இன்னும் ஒரு மடங்கு போகட்டும். பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்கு மெலிதாக்குங்கள், அடியில் மட்டும் ஆரஞ்சு மை தொட்டு, மேலே சாம்பல் கலர் பொடி. தீப்பொறிக்கு 0.25 மி.மீ. ஆப்டிகல் ஃபைபர் ஏழெட்டு, பஞ்சுக்குள் வெவ்வேறு உயரத்தில் நுனி தெரியும்படி செருகுங்கள். முப்பது வைத்தால் மத்தாப்பு ஆகிவிடும்.

சுற்றி நிற்கும் ஆட்களை மறந்துவிடாதீர்கள். தீயைப் பார்த்திருக்கும் பக்கம் முகத்திலும் வேட்டியிலும் மிக மெலிதாக ஆரஞ்சு, முதுகுப்பக்கம் கருநீல நிழல். விளக்கு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் ஆட்கள் பகல் வெயிலில் நிற்கிற நிறத்தில் இருந்தால் தீ தனியே, கூட்டம் தனியே தெரியும்.

கே: ஆர்டுயினோ வைத்துச் செய்த தீ கண்ணுக்கு நன்றாக இருக்கிறது, செல்போனில் வீடியோ எடுத்தால் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. தீயும் வெள்ளையாக வருகிறது.
– வாசகர், தென்காசி

ப: ஆர்டுயினோ வெளிச்சத்தைக் குறைப்பது வேகமாக அணைத்து அணைத்துப் போடுவதால்தான், நானோவில் பெரும்பாலான பின்களில் நொடிக்கு சுமார் 490 தடவை, 5, 6 பின்களில் 980. போனின் ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் அணைந்த கணங்கள் கோடுகளாகப் பதியும். கேமராவை மேனுவலுக்கு மாற்றி ஷட்டரை 1/50-இல் பூட்டுங்கள், ஐ.எஸ்.ஓ.வைக் குறையுங்கள். கோடு அப்போதும் தெரிந்தால் எல்.இ.டி.களை 5, 6 பின்களுக்கு மாற்றுங்கள். ஆனால் அந்தப் பின்களின் டைமரும் மில்லிஸின் டைமரும் ஒன்றே. வேகத்தை மாற்றும் கட்டளைகளை அங்கே தொட்டால் தீயின் நேரக் கணக்கு முழுதும் குழம்பும். வெள்ளையாக வருவது ஒயிட் பேலன்ஸ் தானாகத் திருத்துவதால். அதைப் பகல் வெளிச்சத்துக்கு, 5500 கெல்வின் அருகே, பூட்டிவிட்டு அறையின் டியூப் லைட்டை அணைத்து எடுங்கள்.